‘நல்லா இருக்கு’ என்று சொல்ல ஒரு ஆள்

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கிரைண்டரைத் தொடக் கூடாது என்றார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யலாமா என்று என் மனைவி கேட்டாள்.

"இத்தன வருஷமும் துணி கட்டிக்கிட்டுத்தானேம்மா செஞ்சிருப்பாரு?"

அவள் என் பக்கம் திரும்பினாள். என்னிடம் எதற்குமே உடனே பதில் இருப்பதில்லை. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். பட்டினச்சேரிக் கரையில் இருபத்தாறு வருஷமாக அதுதான் என் வேலை. படகின் அடியில் ஓட்டையோ வெடிப்போ விழுந்தால், சுற்றியுள்ள பழைய பைபரைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த இடம் நன்றாகக் காய வேண்டும். பிறகு கண்ணாடி நாரில் செய்த ‘மேட்’ விரிப்பை அளவாக வெட்டி வைத்து, ரெசின் பசையில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து, பிரஷால் பூசிப் பூசி, உள்ளே காற்று நிற்காமல் அழுத்தி ஒட்ட வேண்டும். தேய்க்கும்போது பறக்கிற தூள்தான் என் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் ஒட்டினால் அரிக்கும், குளித்தால் போய்விடும். நெஞ்சில் ஒட்டியதை எப்படிக் கழுவுவது?

படித்தது ஐந்தாவது வரை. வேறு தொழில் தெரியாது. காரைக்காலில் ஒரு துணிக்கடையில் வாசலில் நிற்க ஆள் கேட்கிறார்கள் என்று என் தம்பி வந்து சொன்னான். யூனிபார்ம் கொடுப்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டு ‘வாங்க, வாங்க’ என்று சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் வந்தாலே தலையைக் குனிந்துகொள்கிறவன் நான். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களை எப்படிச் சிரித்துக் கூப்பிடுவேன்?

என் மனைவி துறைமுகத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறி அம்பகரத்தூர்ப் பக்கம் தெருத்தெருவாகப் போய் விற்கிறவள். போகிற வழியில் வாடிக்கையாக மீன் கொடுக்கிற வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். நாகூர் ரோட்டோரம் புதிதாக பைபர் படகு செய்கிற பட்டறை வைத்திருந்தார். அங்கே படகைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டிருந்தது இவள் காதில் விழுந்திருக்கிறது. வஞ்சிரம் வெட்டிக்கொண்டே எனக்கு வேலை கேட்டுவிட்டாள். தேய்க்க வேண்டாம், பூச வேண்டாம், தட்டிப் பார்த்துச் சொன்னால் போதும். படகை விட்டுப் பிரியாமல் இருக்க எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான்.

போனேன். அவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர் இருப்பார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. எத்தன வருஷமா ஒட்டு வேல?"

"இருவத்தாறு வருஷமாங்க பாய்."

"எத்தன போட்டு பாத்திருப்பீங்க?"

"கணக்கெல்லாம் வச்சுக்கலீங்க."

"சும்மா குத்துமதிப்பாச் சொல்லுங்க."

"நெறைய இருக்கும்."

"அதுல நல்லா நின்னது எத்தன?"

அநேகமாக எல்லாமே என்பதுதான் பதில். அது எனக்குத் தெரியும். ஆனால் "ஏதோ, கடல்ல போய்ட்டு வந்துட்டுத்தான் இருக்குங்க" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அண்ணே, குத்தம் சொல்றதுக்கு எங்கிட்ட ஆளே வேணாம். வாங்க வர்ற அத்தன பேரும் அதத்தான் சொல்றான். எனக்கு வேண்டியது, போட்ட முழுசாத் தட்டிப் பாத்துட்டு, சரியில்லன்னா எங்கிட்டச் சொல்லணும். சரியா இருந்தா, வாங்குறவன் மூஞ்சியப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும். நான் சொன்னா நம்ப மாட்டான், விக்கிறவன்தானே நான். கரையில வேல பாத்த ஆளு சொன்னா நம்புவான்."

"எங்க கரையில அப்படிச் சொல்ல மாட்டாங்க பாய். கண்ணு பட்டுடும்."

"கண்ணுக்கு நாங்களுந்தான் பயப்படுறோம். மாஷா அல்லாஹ்னு சேத்துச் சொல்லிட்டா சரியாப் போயிடும். உங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லியா?"

"நாங்க வாய மூடிக்குவோம்."

அவர் சிரித்த சிரிப்பில் பட்டறையில் ரெசின் மேல் ரோலர் உருட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன்.

எங்கள் கரையில் வேலை முடிந்ததும் வேலை பார்த்தவன் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டான். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் கடலுக்குப் போகிற பொருளின் மேல் கண் விழுந்துவிடும். டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு நடந்துவிட வேண்டியதுதான். அவன் டப்பாவோடு போவதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று படகுக்காரன் தெரிந்துகொள்வான். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிட வசதியான பழக்கம் உண்டா? இருபத்தாறு வருஷம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தே காலம் ஓடிவிட்டது.

"வர்ற வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சு வாங்க" என்றார் பாய். "நீங்க ஒட்டுப் போட்டு இன்னிக்கும் கடல்ல ஓடுற போட்டு பத்து சொல்லுங்க. எந்த எடத்துல ஒட்டு, எப்படி நிக்கிதுன்னு சொல்லணும். ஒங்க வாயால. மீன் குடுக்குற நம்ம அக்காவக் கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கக் கூடாது."

சனிக்கிழமை காலையிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன். பத்துப் படகு என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் நினைக்க உட்கார்ந்தால் வேறு வேறு வந்தது. ஒரு சித்திரை மாத உச்சி வெயிலில் ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றி, டப்பா புகைந்து, ரெசின் கல்லாகிப் போனது வந்தது. நீலப் படகில் போட்ட ஒட்டுக்குப் பூசிய நீலம் ஒத்துப்போகாமல், கட்டை விரலில் நகச்சாயம் பூசியது போல் தெரிந்தது வந்தது. இப்படிச் சின்னச் சின்னதாக வந்து, கடைசியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒட்டிய ஒரு படகு வந்து நிற்கும். அது வந்துவிட்டால் நான் எழுந்துவிடுவேன். வாசல் வரை போவேன், திரும்பி வருவேன். மோட்டார் சைக்கிளைத் துடைப்பேன். விரல் இடுக்கில் காய்ந்த ரெசின் இருக்கிறதா என்று பார்ப்பேன். வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது, அங்கே ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் என் மனைவி காலிக் கூடையோடு வந்ததும் கேட்டாள்.

"பத்து தேறிச்சா?"

"மூணு."

"மூணு நாளைக்கு மூணா? வலையில்லாமக் கடலுக்குப் போனவன்கூட அதவிடக் கூடக் கொண்டாருவான்."

"ஞாபகம் வர மாட்டேங்குது."

"மீன் நல்லா இருக்கான்னு கேக்குறவங்ககிட்ட நான் ஏதோ இருக்குன்னா சொல்றேன்? இப்பத்தான் கரையேறுச்சு, செவுளத் தூக்கிப் பாரும்மான்னு சொல்றேன்."

"செத்த மீனுக்குக் கண்ணு படாது. போட்டு கடல்ல இருக்கு."

அவள் செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட மட்டும் வாய் நல்லா வருது. இதக் கொண்டுபோய் பாய்கிட்டப் பேசுறதுக்கு என்ன?"

மறுநாள் காலை, நினைத்து ஆகாது, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கரைக்குப் போனேன். படகுகள் வந்துகொண்டிருந்தன. டிராக்டர் ஒவ்வொன்றாக மணலில் இழுத்துப் போட்டது. ஒட்டு எல்லாம் பெயின்ட்டுக்கு அடியில் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒரு படகின் ஓரத்தில் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினேன். விரல் முட்டியால் தட்டினேன். நல்ல ஒட்டு ‘டக்’கென்று சொல்லும். உள்ளே காற்று நின்ற ஒட்டு பழைய தகரம் போலப் ‘பொத்’தென்று சொல்லும். இது ‘டக்’கென்றது. என்னுடையதுதான். எனக்குள்ளே சந்தோஷம் போல ஒன்று வந்தது. அதற்குள் வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"என்னண்ணே, போட்டுக்கு நாடி பாக்குறீங்க?"

"காய்ச்சல் இருக்கும். நேத்தெல்லாம் தண்ணிலயே கெடந்துச்சுல்ல."

"மாத்திரை எழுதிக் குடுங்கண்ணே, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சொல்லிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த படகுக்குப் போனேன். அங்கே படகுக்காரர் சிரிக்கவில்லை.

"எம்போட்ல என்னத்தத் தேடுற?"

"ஒண்ணுமில்ல, பழைய ஒட்டு ஒண்ணு..."

"ஏன், விட்டுடும்போல இருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்குக் கூப்பிடாம வந்து தட்டுற?"

நன்றாக இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது கரை. நாளைக்குக் காலையில் கடலுக்குப் போகப் போகிற படகு. அதன் முன்னால் நின்று எப்படி அந்த வார்த்தையைச் சொல்வது? பேசாமல் நடந்துவிட்டேன். கூப்பிடாமல் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகிற ஒட்டுக்காரனைப் பற்றிக் கரை என்ன நினைக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஆள் சத்தம். போய்ப் பார்த்தால் ஐந்து பேர். பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நான் எப்போதோ வாங்கிய ரெசின் கலப்பட ரெசின் என்றும், அது தெரிந்துபோய் எந்தெந்தப் படகுக்குப் போட்டோம் என்று தேடி அலைகிறேன் என்றும் ஊருக்குள் பேச்சாகிவிட்டது.

"ஒளிக்காமச் சொல்லுப்பா. எம்போட்டுக்கு முன் அணியத்துல ஒரு முழத்துக்குப் போட்டியே, அதுவும் அந்த ரெசின்தானா?"

"எனக்கு இஞ்சின் மாட்டுற பலகைகிட்டப் போட்டாரு. ஏழு வருஷமாச்சு. ஒரு சொட்டு உள்ள வரல. இப்பப் போயா விடும்?"

"எனக்குப் பாறையில ஏறி அடிப்பக்கம் கிழிஞ்சு போனது. புதுசு வாங்கிடுன்னு அத்தன பேரும் சொன்னாங்க. இவருதான் ஒட்டுனாரு. அதுக்கப்புறம் ரெண்டு புயலப் பாத்தாச்சு அது."

"அதத்தான் கேக்குறோம். இத்தன நாள் நின்னது, இனிமே நிக்குமா நிக்காதா?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கலப்படம் எல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. என் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள்.

"ரெசினும் இல்ல, ஒரு எழவும் இல்ல. இவரு நெஞ்சுல தூளு ஏறிப்போச்சு. இனிமே தேய்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பட்டறையில வேல கேட்டுருக்கோம். நல்லா நிக்கிற போட்டு பத்து சொல்லுன்னு பாய் கேட்டாரு. இவருக்கு ஞாபகம் வரல, அதான் தட்டித் தட்டிப் பாத்துட்டு வந்துருக்காரு. போதுமா?"

முன்னால் நின்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஏழு வருஷக்காரர் சொன்னார்: "அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. மத்தியானம் சோறு எறங்கல எனக்கு."

"அவரா? சொல்லிட்டாலும்" என்றாள் அவள்.

அவர்கள் கலைந்து போன பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வந்தது ஏழு பேர். ஒவ்வொருவரும் தன் படகில் எங்கே, எப்போது, எவ்வளவுக்கு ஒட்டு என்று பயத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் தட்டிப் பார்த்த முதல் படகோடு எட்டு. நான் யோசித்து வைத்திருந்த மூன்றும் அதற்குள்ளேயே இருந்தன. துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் ஐஸ்பெட்டிக்கு உள்பக்கம் முழுக்க பைபர் போட்டது, அவள் ஞாபகப்படுத்தினாள், ஒன்பது. பத்தாவதாக இன்னும் ஏதாவது கிடைக்கும். கிடைக்காமலா போகும்? ஆனால் ஒன்பது வந்த பிறகு மனம் இன்னும் மோசமாகப் போனது. அந்த ஒன்பதையும் அடித்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுப் படகு வந்து நின்றது. பாய் முன்னால் நின்று பத்தையும் சொல்லும்போது அது நடுவில் வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன் என்று தெரிந்துவிட்டது.

அது நடந்து பதினோரு வருஷம். ஐப்பசி மாதம். படகுக்காரர் எனக்குத் தூரத்து உறவில் மச்சான் முறை. அடிப்பக்கம் ஓட்டை. நான் தேய்த்து, மேட் வைத்து, ரெசின் பூசினேன். ஆனால் பூசிய ஒட்டு சரியாகக் காயவில்லை. இரண்டு நாள் வெயில் வேண்டும், மேலே இன்னொரு அடுக்குப் போட வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டப்பா நனையாமல் இருக்கட்டும் என்று அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் டப்பாவோடு போனதை மச்சான் பார்த்திருக்கிறார். வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் மழை விட்டிருக்கிறதே என்று நான் மேட் விரிப்போடு போனேன். படகை அலையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர். நான் மணலில் நின்றேன். கடலுக்குக் கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அது எங்களுக்குச் சின்ன வயதிலேயே ரத்தத்தில் கலந்தது. ஒரு கையைத் தூக்கினேன். பிறகு இறக்கிக்கொண்டேன். இஞ்சினைக் கிளப்பிப் போய்விட்டார்கள்.

மத்தியானம் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஒட்டு பாதி பிரிந்து, நாலு பேரும் வாளியால் இறைத்து இறைத்துக் கை வீங்கிப் போய் வந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தப் படகுக்கு நானே போய் மறுபடி ஒட்டுப் போட்டேன், தலையைத் தூக்காமல். அதன் பிறகு அரசலாற்றுப் பாலம் தாண்டி அந்தக் கரைப் பக்கம் வேலைக்கென்று போனதே இல்லை.

வியாழக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாலத்தில் ஏறும்போது திரும்பிவிடலாமா என்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அப்படியே போய்விட்டேன்.

மச்சான் கரையில் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாத்தியா, பட்டினச்சேரியிலேர்ந்து கிளிஞ்சல்மேடு வர்றதுக்கு இவருக்குப் பதினோரு வருஷம் ஆயிருக்கு. நடந்தே வந்துட்டாரு போலருக்கு."

"நல்லாருக்கீங்களா மச்சான்?"

"இருக்கேன். உக்காருங்க மாப்ள. ஒங்க ரெசின் கலப்படம்னு சொல்றாங்களே, அதுக்கா வந்தீங்க?"

பேச்சு பாலம் தாண்டி வந்திருக்கிறது. நான் மணலில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மிதவை ஒன்றை எடுத்து உருட்டினேன். பிறகு, "அன்னிக்கு நான் வந்தேன் மச்சான். நீங்க தள்ளிட்டுப் போறப்ப பின்னாடி நின்னேன். ஒட்டு காயலன்னு எனக்குத் தெரியும். கூப்பிடல" என்றேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் கையில் இருந்த கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சு போட்டார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க நின்னது. கையத் தூக்குனீங்க. நான் பாத்துட்டேன். எங்க கூப்பிட்டுருவீங்களோன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, தள்ளுங்கடா தள்ளுங்கடான்னு அவசரப்படுத்துனேன். கூப்பிட்டா அன்னிக்குப் போக முடியாதுல்ல. நாலு நாளாப் போட்டு கரையிலயே கெடந்துச்சு, வீட்ல அரிசி இல்ல."

பக்கத்தில் இருந்தவர், "இதக் கேட்டியா? நாங்க மூணு பேரும் வாளி வாளியா எறைச்சோம், இவரு கரையிலயே தெரிஞ்சுதான் ஏறுனாராம்" என்றார்.

"நீ சும்மா இரு. ஒனக்கும் அன்னிக்கு அரிசி இல்ல" என்றார் மச்சான்.

படகு கொஞ்ச தூரத்தில் கிடந்தது. பெயின்ட் இரண்டு தடவை மாறியிருந்தது. நான் போய்க் குனிந்து அடிப்பக்கம் கை வைத்தேன். விளிம்பு எங்கே என்று கைக்குத் தெரிந்தது. தலையைத் தூக்காமல் இரண்டாவது தடவை போட்ட ஒட்டு. தட்டினேன். ஓரம் முழுக்கத் தட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம்.

"என்ன சொல்லுது?" என்று அங்கிருந்தே கேட்டார் மச்சான்.

கையைத் தட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பக்கம் நடந்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் திரும்பும்போது பாலத்தின் மேல், இதையே பத்தாவதாகச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்த பிறகும் நிம்மதி வரவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் நான் கூப்பிடாதது இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. அன்று என் கையில் தப்பு இல்லை, வாயில்தான் தப்பு. அது மட்டும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போனேன். பாய் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சொல்லுங்கண்ணே" என்றார். நான் கிளிஞ்சல்மேட்டுப் படகில் ஆரம்பித்தேன்.

பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் நல்லது பத்து கேட்டேன். நீங்க கெட்டதுலேர்ந்து ஆரம்பிக்கிறீங்க."

"அது இப்ப நிக்கிதுங்க பாய். அத முதல்ல சொன்னாத்தான் மத்த ஒம்பதும் வரும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அணியத்தில் ஒரு முழம், இஞ்சின் பலகை, பாறையில் கிழிந்தது, ஐஸ்பெட்டி. எங்கேயும் ‘ஏதோ’ என்ற வார்த்தை வராமல் பார்த்துக்கொண்டேன். சட்டை முதுகில் ஒட்டிப்போயிற்று. பத்தும் முடிந்ததும் அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து, "வாங்க" என்றார்.

பின்பக்கக் கொட்டகையில் புதுப் படகு ஒன்று கட்டைகளின் மேல் இருந்தது. வெள்ளையில் சிவப்புக் கோடு. வாங்குகிறவர் எங்கள் ஊர்க்காரர்தான். அவரும் அவர் மனைவியும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தத் தம்பி, "அண்ணே, நீங்களா?" என்று நிமிர்ந்து நின்றார்.

முன்முனையான அணியத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சாண் இடம் விடாமல் முட்டியால் தட்டிக்கொண்டு போனேன். உள்ளே இறங்கித் தட்டினேன். அடியில் படுத்துத் தட்டினேன். தப்பு ஏதாவது கிடைத்துவிடாதா என்றுகூட மனம் தேடியது. தப்பு என்றால் பாயைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லிவிடலாம். அது எனக்குச் சுலபம். ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கேயும் ‘பொத்’ என்று கேட்கவில்லை. பாய் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"என்ன அண்ணே?"

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பா இருந்தால் எடுத்துக்கொண்டு நடந்திருப்பேன். அன்று கையில் டப்பா இல்லை.

"நல்லா இருக்கு" என்றேன். சத்தம் போதவில்லை என்று தோன்றியது. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். "போட்டு நல்லா இருக்கு. கடலுக்குக் கொண்டு போவலாம்."

அவர் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "என்னங்க அண்ணே, கடலுக்குப் போறதப் பாத்து இப்படிப் பட்டுனு சொல்லிட்டீங்க?" என்று சொல்லிக்கொண்டே கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். அணியத்தை மூன்று தடவை சுற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் பக்கம் வந்து என் தலையையும் ஒரு சுற்று சுற்றி, மூன்று முறை துப்பி, வேலிக்கு வெளியே எறிந்தாள்.

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய், மெதுவாக. படகைப் பார்த்துச் சொன்னாரா என்னைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது. நான் தாளை மேசையில் வைத்து என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். ஐந்தாவதில் எழுதிய அதே எழுத்துதான், கொஞ்சம் பெரிதாக வந்தது.

அந்தப் படகு கடலில் இறங்கிய முதல் நாள் எட்டு மணியிலிருந்து நான் கரையில் நின்றேன். பட்டறைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் நின்றேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு படகுக்காகவும் இப்படி நின்றதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில், போன படகுக்குக் கடல் பொறுப்பு. இப்போது பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்பதரைக்கு மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் வந்தது. அந்தத் தம்பி பார்ப்பதற்குள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

இதுவரை பதினான்கு படகுக்குச் சொல்லியிருக்கிறேன். வேறு இரண்டைச் சரியில்லை என்று பாயிடம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது படகெடுக்க வருகிறவர்கள் கையோடு எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறார்கள். பட்டறையில் ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்லிவிடுவான் என்று கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் தட்ட ஆரம்பிக்கும்போதே பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு தயாராக நிற்பார்கள். நான் சொல்லி முடித்ததும் நசுக்கிவிடுவார்கள். யாருக்கும் கோபம் இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கை டப்பாவைத் தேடுகிறது, அது நிற்கவில்லை. நிற்கும் என்றும் தோன்றவில்லை.

இன்று காலையிலிருந்து வாடைக்காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. பதினான்கில் பதினொன்று கடலில் இருக்கின்றன. மத்தியானத்துக்குள் எல்லாம் வந்துவிடும். கொட்டகையில் பதினைந்தாவது காய்ந்து, தட்டிப் பார்க்கத் தயாராக இருக்கிறது. வாங்குகிறவர் வந்துவிட்டார் என்று உள்ளேயிருந்து பாய் கூப்பிடுகிறார். போக வேண்டும்.